வர்க்கிக்கும் தயிருக்கும் ஒரே மூலை

அன்புள்ள அக்காவுக்கு,

கோத்தகிரியிலிருந்து நீங்கள் எழுதும் குறிப்புகளை மூன்று வருடமாக வாசிக்கிறேன். உங்கள் நாய் வர்க்கியை எங்கள் வீட்டு நாய் மாதிரியே தெரியும். நானும் வீட்டுக்காரரும் அடுத்த வருடம் வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறோம். கோத்தகிரிப் பக்கம் ஒரு வீடு பார்த்து வைத்திருக்கிறோம். கூட வரப்போவது கருப்பன், நாலு வயது சிப்பிப்பாறை வேட்டைநாய். ஈரோட்டு வெயிலைத் தவிர வேறெதையும் அறியாதவன்.

அவனுக்கு மதியம் தயிர்ச்சோறு, ராத்திரி எங்களுக்குச் செய்த சாம்பார் சாதத்தில் கொஞ்சம். நாய் ஓநாயின் வம்சம், அதற்குச் சோறு விஷம் என்று பெங்களூரில் இருக்கும் மகன் சண்டை போடுகிறான். மூட்டை மூட்டையாகத் தீனி வாங்கி அனுப்புகிறான். கருப்பன் அதை முகர்ந்து பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்க்கிறான். நான் செய்வது தப்பா? அப்புறம், மலைக்குளிரை இவன் தாங்குவானா? கடைசியாக ஒன்று, கேட்கவே கூச்சமாக இருக்கிறது. நீங்கள் எழுதுவதைப் பார்த்தால் மலையில் எல்லாப் பருவமும் விருந்து மாதிரி இருக்கிறது. நிஜமாகவே அப்படித்தானா?

அன்புடன்,
ம., ஈரோடு

அன்புள்ள ம.,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இல்லை. மழை நாட்களில் நான் எழுதுவதில்லை, நாயைத் துவட்டிக்கொண்டிருப்பேன். என் குறிப்புகளில் வெயில் அதிகமாகத் தெரிவதற்கு அதுதான் காரணம்.

சரி, தயிர்ச்சோறு. உங்கள் மகன் சொல்வதில் பாதி சரி. நாய் ஓநாயின் வம்சம்தான். ஆனால் மனிதனை ஒட்டி வாழ்ந்து வாழ்ந்து அதன் வயிறும் மாறிவிட்டது. ஸ்வீடன் ஆராய்ச்சியாளர்கள் 2013-இல் ‘நேச்சர்’ இதழில் இதைப் பற்றி எழுதினார்கள். மாவுச்சத்தைச் செரிக்க வைக்கும் ஒரு நொதிக்கான மரபணு ஓநாயிடம் இரண்டு பிரதிகள்தான் இருக்கிறது. நாய்களிடம் 4 முதல் 30 வரை இருக்கிறது. ஆகவே சோறு விஷம் இல்லை என்று மகனிடம் தைரியமாகச் சொல்லலாம். தயிரும் பிரச்சினை இல்லை. பால் ஒத்துக்கொள்ளாத நாய்களுக்குக்கூடப் பெரும்பாலும் தயிர் ஒத்துக்கொள்ளும்.

ஆனால் சோறும் தயிரும் மட்டும் போதாது. கறியோ முட்டையோ வேண்டும், சுண்ணாம்புச் சத்தும் வேண்டும். நான் முட்டை ஓடுகளைக் கழுவி, காயவைத்து, மிக்சியில் மாவாக அரைத்து வைத்துக்கொள்கிறேன். ஒரு ஓட்டில் ஏறக்குறைய 2 கிராம் கால்சியம் இருக்கிறது. எவ்வளவு போடுவது என்பதைக் கருப்பனின் எடையைச் சொல்லி மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், என் கைக்கணக்கு உங்களுக்கு உதவாது. பத்துக் கிலோ மூட்டையைத் திருப்பி அனுப்பவும் வேண்டாம். வெளியூர் போகும் நாளில் அதன் அருமை தெரியும்.

நான் சண்டைக்கு வருவது சாம்பார் சாதத்துக்குத்தான். அதை இன்றே நிறுத்துங்கள். சின்ன வெங்காயம், பெரிய வெங்காயம், பூண்டு மூன்றுமே நாயின் ரத்தத்தில் இருக்கும் சிவப்பு அணுக்களை உடைக்கும். வேகவைத்தாலும் இந்தக் குணம் போகாது. இதில் மோசமானது, தின்ற அன்றைக்கு ஒன்றுமே தெரியாது. சில நாள் கழித்துத்தான் நாய் சோர்ந்து படுக்கும், ஈறு வெளுக்கும். தினமும் கொஞ்சம் என்பதும் சேர்ந்துகொண்டே போகும் கணக்குதான். பாயசத்தில் கிடக்கும் உலர்திராட்சையும் ஆகாது, அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். எங்கள் வீட்டில் முதலில் வர்க்கிக்கு வெந்து இறங்கும், அதன் பிறகுதான் வெங்காயம் அரியும் பலகை வெளியே வரும்.

ஆனால் உங்கள் தயிர்ச்சோற்றுக்கு மகனைவிடப் பெரிய எதிரி இங்கே காத்திருக்கிறது. டிசம்பரில் மலையில் பால் உறையாது.

நான் இங்கே வந்த முதல் குளிர்காலத்தில், கீழே ஊற்றியதுபோலவே ராத்திரி உறை ஊற்றி மூடி வைத்தேன். காலையில் பால் பாலாகவே இருந்தது. மறுநாள் மாலையில் நூல்நூலாக என்னமோ மிதந்தது. பக்கத்து வீட்டுப் படுகர் அம்மா வந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். “பாலுக்குக் குளுருது” என்றார். எங்கள் வீட்டில் வெந்நீர் போட விறகு பாய்லர் இருக்கிறது. அதற்கும் சுவருக்கும் நடுவே ஒரு முழ அகலத்துக்கு ஒரு மூலை. அணைத்த பிறகும் விடியும் வரை வெதுவெதுப்பு நிற்கும். அந்த அம்மா பாத்திரத்தைப் பழைய ஸ்வெட்டரில் சுற்றி அங்கே கொண்டுபோய் வைத்தார். கூட இரண்டு மிளகாய்க் காம்பும் போட்டார். காலையில் தயிர் வெட்டியெடுக்கும்படி உறைந்திருந்தது. பக்கத்தில் வர்க்கி சுருண்டு கிடந்தான்.

அன்று தொடங்கிய வழக்கு இன்னும் தீரவில்லை. இட்லி மாவும் அந்த மூலைக்குத்தான் வந்தாக வேண்டும். வெளியே வைத்தால் ஒரு ராத்திரியில் புளிக்க வேண்டியது ஒன்றரை நாள் எடுக்கும். ஆக குளிர்காலத்தில் அந்த ஒரு முழ இடத்துக்கு மூன்று பேர் போட்டி: மாவு, தயிர், வர்க்கி. மே மாதம் மூலை காலியாகக் கிடக்கும். ஜூன் காற்று தொடங்கியதும் வர்க்கி போய் ஒரு முறை முகர்ந்துவிட்டு வருவான். ஐப்பசி மழை வந்தால் பகலிலும் அங்கேதான். நான் காலண்டரைப் பார்ப்பதில்லை, அந்த மூலையைத்தான் பார்க்கிறேன்.

பெயரைப் பற்றியும் சிலர் கேட்டிருந்தார்கள். குட்டியாக இருந்தபோது ஒரு டீக்கடையில் என் கையிலிருந்த மொறுமொறு பேக்கரி வர்க்கியைப் பிடுங்கித் தின்றான், அதனால் வந்த பெயர். ஊட்டி வர்க்கிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது இவனுக்கும் ஒன்று கொடுத்துக் கொண்டாடினோம். எங்கள் தெருவில் கோட்டயத்துக்காரர் ஒருவர் இருக்கிறார். அவருடைய அப்பாவின் பெயர் வர்க்கி என்பது பெயர் வைத்து ஒரு வருடம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. நான் வாசலில் நின்று “வர்க்கி, அங்கே ஒண்ணுக்குப் போகாதே” என்று கத்தும்போதெல்லாம் அவர் வேறு பக்கம் பார்த்துக்கொள்வார். நல்ல மனிதர்.

சமையலில் இன்னொன்றும் மாறும். கோத்தகிரி ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரம். இங்கே தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். தளதளவென்று கொதிக்கும், பருப்பு மட்டும் வேகாது. ஈரோட்டில் மூன்று விசில் என்றால் இங்கே ஐந்து வைத்துக்கொள்ளுங்கள். வர்க்கிக்கு எண்ணத் தெரியும். நாலாவதில் எழுந்து சோம்பல் முறிப்பான், ஐந்தாவதில் சமையலறை வாசலில் நிற்பான். கேரட், பீன்ஸ், மேரக்காய் என்று அன்றைக்கு என்ன மலிவோ அது அவன் சோற்றில் சேரும். (நீங்கள் சௌசௌ என்பீர்கள், கடையில் மேரக்காய் என்றே கேளுங்கள்.) குளிர்காலத்தில் சோற்றுக்குப் பதில் பாதி நாள் ராகிக் களி, மேலே எலும்பு வேகவைத்த தண்ணீர். எலும்பைக் கொடுப்பதில்லை. வெந்த எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் குத்தும்.

கோடையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சீசனுக்கு வந்த கார்கள் ஹாரன் அடிக்கும், வர்க்கி பதிலுக்குக் குரைப்பான். ஆனால் மே, ஜூனில் பிளம்ஸ் பழுக்கும். அதைச் சொல்லியாக வேண்டும். மூன்று வருடம் முன்னால் குன்னூர் சிம்ஸ் பூங்காவில் பழக் கண்காட்சி பார்க்கப் போயிருந்தோம். திரும்பி வந்தால் வர்க்கி தள்ளாடிக்கொண்டு நின்றான். பின்பக்க மரத்தடியில் விழுந்து புளித்துக் கிடந்த பழங்களை வயிறு முட்டத் தின்றிருக்கிறான். போதை என்று நாங்கள் சிரித்தோம். சிரித்தது தப்பு. இரண்டு நாள் வாந்தி நிற்கவில்லை. பார்த்த மருத்துவர் வயிற்றுக் கோளாறு என்று ஊசி போட்டு அனுப்பினார். மூன்றாம் நாள் தண்ணீரும் தங்காமல் போகவே, வண்டி பிடித்து மேட்டுப்பாளையம் இறங்கி, அங்கிருந்து கோவைக்குக் கொண்டுபோனோம். ஸ்கேனில் குடலில் ஒரு கொட்டை. அறுத்துத்தான் எடுத்தார்கள். இப்போது பிளம்ஸ் காலத்தில் காலையில் என் முதல் வேலை காபி இல்லை, மரத்தடி பொறுக்குவது. பொறுக்கியதில் நல்லதை ஜாம் போடுகிறேன். ஜாம் நன்றாக இருக்கிறது என்று சாப்பிட்டவர்கள் சொல்கிறார்கள். அதன் பூர்வகதை இதுதான்.

அந்த சிம்ஸ் பூங்காவை ஒட்டித்தான் பாஸ்டர் நிலையம் இருக்கிறது. நாய்க்கடிக்கு வைத்தியம் செய்யவென்றே 1907-இல் தொடங்கியது. அந்த வழியாகப் போகும்போதெல்லாம் வர்க்கியின் தடுப்பூசித் தேதி நினைவுக்கு வரும். கருப்பனுக்கு வெறிநோய்த் தடுப்பூசி போட்ட அட்டையைச் சாமான்களோடு கட்டிவிடாமல் கைப்பையில் வையுங்கள்.

மழைக்கு வருகிறேன். ஜூனில் மலை முழுக்கக் கொட்டும் என்று நினைத்துக்கொண்டு வருவீர்கள். கோத்தகிரியில் அப்படியில்லை. 2,637 மீட்டர் தொட்டபெட்டா எங்களுக்கு மேற்கே சுவர் மாதிரி நிற்கிறது. தென்மேற்குப் பருவமழை கூடலூர், அவலாஞ்சிப் பக்கம் கொட்டித் தீர்த்துவிடும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தபோதும் இங்கே ஊதக்காற்றும் தூறலும்தான். எங்கள் முறை ஐப்பசி, கார்த்திகையில் வரும். 2009 நவம்பரில் குன்னூர், கோத்தகிரிப் பக்கமெல்லாம் மண் சரிந்து மாவட்டத்தில் 40 பேருக்கு மேல் இறந்தார்கள். அந்த வீட்டை வாங்கும் முன் பின்பக்கம் என்ன சரிவு, மழைத்தண்ணீர் எந்த வழியாகப் போகிறது என்று பாருங்கள். ஜன்னலில் தெரியும் காட்சியை அப்புறம் பார்க்கலாம்.

இந்த மாதங்களில் துணி காயாது, நாயும் காயாது. ஒரு நாளில் நாலு முறை வெளியே போய் நாலு முறையும் நனைந்து வருவான். பழைய வேட்டி ஆறு கிழித்து வைத்திருக்கிறேன், தினமும் ஆறும் ஈரம். விரலிடுக்கில் அட்டை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு தடவை மூக்குக்குள்ளேயே ஏறிவிட்டது. வீடு முழுக்க ஈரநாய் வாசனை. அதன் மேல் மிளகு ரசம் வாசனை ஏறினால்தான் வீடு வீடாக இருக்கும். இதை விருந்து என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் பாய்லர் மூலையில் அவன் உடம்பிலிருந்து ஆவி எழும்பும்போது உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். அதையும் மறைக்கவில்லை.

இனி கருப்பன். சிப்பிப்பாறை என்றதும் எனக்குக் குளிரைவிட வேறொரு கவலை. குளிருக்கு வழி இருக்கிறது. அவனுக்கு மயிர் குட்டை, கொழுப்பும் இல்லை. ஆகவே ஸ்வெட்டர் தைத்துப் போடுங்கள். சிமெண்ட் தரையில் படுக்க விடாமல் பலகை மேல் சாக்கு விரியுங்கள். மூடிய அறையில் கரி அடுப்பு மட்டும் வைத்துவிடாதீர்கள். அதன் விஷவாயுவில் நாயும் பிழைக்காது, நீங்களும் பிழைக்க மாட்டீர்கள்.

என் கவலை அவன் கண்ணும் காலும்தான். அசைவதைப் பார்த்தால் துரத்தும் ஜாதி அது, கூப்பிட்டாலும் காதில் விழாது. இங்கே தேயிலைக்குள் அசைவது முயலாகவே இருக்கும் என்று சொல்ல முடியாது. காட்டுமாட்டைத் துரத்திப் போகும் நாய், அது திரும்பி முட்ட வந்தால் நேராக எஜமானரிடம்தான் ஓடிவரும். சிறுத்தைக்கு நாய் பிடித்த இரை. எங்கள் தெருவில் கட்டிப்போட்ட நாய்கள் இரண்டு போயிருக்கின்றன, சங்கிலி மட்டும் கிடந்தது. பொழுது சாயும் முன் கருப்பன் வீட்டுக்குள் இருக்க வேண்டும். வெளியே எப்போதும் கையில் கயிறோடுதான். அவனுடைய சோற்றுத் தட்டையும் ராத்திரி வெளியே வைக்காதீர்கள். கரடிக்கு எண்ணெய், நெய் வாசனை தெரிந்தால் கதவு ஒரு பொருட்டில்லை. எங்கள் சமையலறைக் கதவின் கீழ்ப்பாதி புதுப்பலகை, மேல்பாதி பழையது. ஏன் என்று வரும்போது சொல்கிறேன்.

ஈரோட்டில் தோட்டம் துரவு என்று அவிழ்த்துவிட்டு வளர்த்திருந்தால் இந்தக் கயிறு அவனுக்குப் பெரிய இழப்பு. அதை நினைத்துப் பார்த்துத்தான் நீங்கள் முடிவு செய்ய வேண்டும். மறைத்துப் பேசி உங்களை இங்கே இழுக்க எனக்கு விருப்பமில்லை, பக்கத்தில் ஒரு ஈரோட்டுக்காரர் வந்தால் நன்றாக இருக்கும் என்ற ஆசை இருந்தாலும்.

ஒன்று செய்யுங்கள். வீட்டுக்கு முன்பணம் கொடுக்கும் முன் நவம்பரில் பத்து நாள் கருப்பனோடு வந்து வாடகைக்குத் தங்குங்கள். அப்புறம் ஜனவரியில் ஒரு வாரம். பக்கத்துப் பேரகணியில் படுகர்களின் ஹெத்தை அம்மன் பண்டிகை வரும் நாட்களாகப் பாருங்கள், வெள்ளை உடுத்திய கூட்டம் சாரி சாரியாகப் போவதையும் பார்க்கலாம். அவன் இரண்டு பருவத்திலும் தட்டைக் காலி செய்துவிட்டுத் தூங்கினால் வீட்டை வாங்குங்கள்.

வரும்போது உங்கள் வீட்டு உறைமோர் ஒரு டம்ளர் கொண்டு வாருங்கள். போன வாரம் பாத்திரத்தை மூட மறந்துவிட்டேன். உறைக்கு எடுத்து வைத்த தயிரை வர்க்கி ஒரு சொட்டு மிச்சமில்லாமல் நக்கிவிட்டான்.

அன்புடன்,
அக்கா