வகுப்பறையில் தனியாக நிற்பவர்கள்: ஆசிரியர் பணி பற்றிய கேள்வி பதில்

இடைநிலை ஆசிரியையாகச் சேர்ந்து, பட்டதாரி ஆசிரியையாகி, கடைசிப் பன்னிரண்டு வருடம் ஆசிரியர் பயிற்சியில் விரிவுரையாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். இப்போது வீடு மஞ்சக்குப்பத்தில். கடலூர், புதுவைப் பக்கமிருந்து வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டு, மற்றவற்றுக்குப் பதில் எழுதியிருக்கிறேன்.

நெய்வேலி, பி.எஸ்சி. கணிதம் இறுதியாண்டு மாணவர்: டீச்சர், உலகம் முழுக்க ஆசிரியர் பற்றாக்குறை என்று படிக்கிறேன். எங்கள் தெருவிலேயே பி.எட். முடித்த அக்கா ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறார். எது உண்மை? நான் பி.எட். சேரலாமா?

இரண்டும் உண்மைதான் தம்பி. 2030-க்குள் தொடக்கப்பள்ளி, உயர்நிலைப்பள்ளி இரண்டுக்கும் சேர்த்து இன்னும் 4 கோடியே 40 லட்சம் ஆசிரியர்கள் வேண்டும் என்று யுனெஸ்கோவின் 2024 அறிக்கை சொல்கிறது. அதில் ஒன்றரைக் கோடி பேர் சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்காவுக்கு. அங்கே பிள்ளைகளின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போகிறது, அதற்குத் தக்கபடி ஆசிரியர்கள் இல்லை. பணக்கார நாடுகளில் சிக்கல் வேறு. ஆள் வருகிறார்கள், நிற்பதில்லை. உலக அளவில் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களில் வேலையை விட்டுப் போகிறவர்கள் 2015-ல் நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவு. 2022-ல் ஒன்பது பேர். இங்கிலாந்தில் இயற்பியல் படித்தவர்களை உதவித்தொகை கொடுத்துக் கூப்பிட்டும் பல வருடம் பயிற்சி இடங்கள் காலியாகவே கிடந்தன.

நம்மிடம் படித்தவர்களுக்குப் பஞ்சமில்லை, பணியிடங்களைத்தான் நிரப்ப மாட்டேன் என்கிறார்கள். 2024-25 கணக்குப்படி இந்தியாவில் ஒரே ஓர் ஆசிரியரோடு நடக்கும் பள்ளிகள் ஒரு லட்சத்துக்கும் மேல். உங்கள் தெரு அக்கா ஜவுளிக்கடையில் நிற்கிற அதே நேரத்தில், எங்கோ ஒரு ஊரில் ஒரே டீச்சர் ஐந்து வகுப்பையும் கட்டி மேய்த்துக்கொண்டிருக்கிறார்.

கணக்கில் உங்களுக்கு ஆசை இருந்தால் சேருங்கள். ஆனால் கல்லூரியை விசாரித்துச் சேருங்கள். ஏன் என்பதை அடுத்த கேள்வியில் சொல்கிறேன்.

பாகூர், வாசகி: "வர வேண்டாம், பீஸ் மட்டும் கட்டுங்கள், பரீட்சைக்கு வந்தால் போதும்" என்கிறது ஒரு கல்லூரி. கைக்குழந்தை வைத்திருக்கிறேன். எனக்கு வசதிதான். சேரலாமா அம்மா?

வேண்டாம்மா. உங்கள் சிரமம் புரிகிறது. நானும் இடுப்பில் பிள்ளையை வைத்துக்கொண்டு படித்தவள்தான். ஆனாலும் வேண்டாம்.

ஒருமுறை புறத்தேர்வாளராக ஒரு கல்லூரிக்குப் போனேன், பெயர் வேண்டாம். மேஜைமேல் நாற்பது பேருடைய பாடக்குறிப்பு நோட்டுகள், அட்டை போட்டு, படம் ஒட்டி, பார்க்க அழகாக இருந்தன. பிரித்துப் பார்த்தால் நாற்பதிலும் சேர்த்து மூன்றே பேருடைய கையெழுத்து. எழுதிக் கொடுக்க ஆள் வைத்திருக்கிறார்கள். மதிப்பெண் போட மாட்டேன் என்று எழுந்து வந்துவிட்டேன். அடுத்த வருடம் என்னைக் கூப்பிடவில்லை.

உச்ச நீதிமன்றம் அமைத்த நீதிபதி வர்மா ஆணையம் 2012-லேயே இந்தக் கல்லூரிகளின் நிலையை விவரமாகச் சொல்லிவிட்டது. ஆசிரியர் பயிற்சி நிறுவனங்களில் பெரும்பாலானவை தனியார் கையில், பலவற்றில் படிப்பே நடப்பதில்லை என்று. அதன் பிறகுதான் பி.எட். இரண்டு வருடமானது, அதில் 20 வாரம் பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டும் என்ற விதியும் வந்தது. அந்த 20 வாரம்தான் படிப்பின் உயிர். நீங்கள் சொல்லும் கல்லூரி அதைத்தான் கழித்துவிட்டுச் சான்றிதழ் தருகிறது.

அந்த 20 வாரத்தில் அப்படி என்ன கிடைக்கும்? முதுநகர் பக்கம் ஒரு தொடக்கப்பள்ளியில் பயிற்சி மாணவி ஒருத்தி வகுப்பெடுப்பதைப் பார்க்கப் போயிருந்தேன். கரும்பலகையில் 52-லிருந்து 38. ஒரு பையன் விடை 26 என்று எழுதியிருந்தான். அந்தப் பெண், "தப்பு, பக்கத்தில கடன் வாங்கணும்" என்று சொல்லி மறுபடி போட்டுக் காட்டினாள். பையன் தலையாட்டினான். அடுத்த கணக்கு 61-லிருந்து 27. அவன் எழுதியது 46.

பின்னால் உட்கார்ந்து நோட்டுத் திருத்திக்கொண்டிருந்த வகுப்பாசிரியை எழுந்து வந்தார். ஐம்பது தாண்டியவர். தப்பு என்று சொல்லவில்லை. "இந்த ஆறு எப்படி வந்துச்சு, சொல்லு கண்ணு" என்றார். "ஒண்ணுல ஏழு போகாது டீச்சர். அதான் ஏழுல ஒண்ண எடுத்துட்டேன்." அவன் கணக்குத் தெரியாதவன் இல்லை. சின்னதைப் பெரியதிலிருந்துதான் கழிக்க முடியும் என்று யாரோ சொன்னதை ஒழுங்காகக் கடைப்பிடித்திருக்கிறான்! டீச்சர் ஈர்க்குச்சிகளைக் கொண்டுவந்தார். பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்ட ஆறு கட்டு, உதிரியாக ஒரு குச்சி. "எனக்கு இருபத்தேழு குடு." இரண்டு கட்டு கொடுத்தான். உதிரிக் குச்சியைக் கொடுத்தான். அப்புறம் கையில் இருந்த கட்டுகளையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். டீச்சர் வாயே திறக்கவில்லை. அவனாகவே ஒரு கட்டின் ரப்பர் பேண்டைக் கழற்றினான்.

பாடம் தெரிவது வேறு, அந்தப் பாடத்தில் பிள்ளை எங்கே சறுக்கும் என்று தெரிவது வேறு. அமெரிக்காவில் லீ ஷுல்மன் என்ற கல்வியாளர் 1986-ல் இந்த இரண்டாவது அறிவுக்குத் தனியாக ஒரு பெயர் கொடுத்தார். அதன்பின் உலகமெங்கும் ஆசிரியர் கல்வியில் அந்தப் பேச்சுதான். அந்த அறிவை எந்த கைடும் தராது. அது உள்ளவர் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும். குழந்தைக்கு இரண்டு வயதாகட்டும், ரெகுலராக நடக்கும் கல்லூரியில் சேருங்கள். ஒரு வருடம் தள்ளிப்போனால் ஒன்றும் கெட்டுவிடாது.

பண்ருட்டி, இடைநிலை ஆசிரியை: 2005-ல் வேலையில் சேர்ந்தேன். ஓய்வுக்கு இன்னும் 12 வருடம் இருக்கிறது. இப்போது டெட், அதாவது ஆசிரியர் தகுதித் தேர்வு, எழுது என்கிறார்கள். இருபது வருடம் பாடம் நடத்தியவளுக்கு இது அவமானமாக இருக்கிறது டீச்சர்.

தீர்ப்பு என்ன சொல்கிறது என்பதை முதலில் பார்ப்போம். 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது இது: எட்டாம் வகுப்பு வரை நடத்துகிறவர்களில், ஓய்வு பெற 5 வருடத்துக்கு மேல் இருப்பவர்கள் 2 வருடத்துக்குள் தகுதித் தேர்வில் தேற வேண்டும். 5 வருடத்துக்குள் ஓய்வு பெறுகிறவர்கள் தேறாமலே தொடரலாம், ஆனால் பதவி உயர்வு கிடையாது. சிறுபான்மையினர் பள்ளிகள் விஷயம் மட்டும் பெரிய அமர்வுக்குப் போயிருக்கிறது. கல்வி உரிமைச் சட்டத்துக்கு முன் சேர்ந்தவர்களுக்கும் இது பொருந்தும். உங்களுக்கும்தான்.

உங்கள் வருத்தம் நியாயமானது. சேர்ந்தபோது இல்லாத நிபந்தனையை இருபது வருடம் கழித்து வைப்பது சரியில்லை என்பதே என் கருத்து. பையன் ரப்பர் பேண்டைக் கழற்றும்வரை வாய் திறக்காமல் நிற்கத் தெரியுமா என்று 150 கேள்வியை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. நம் மாநிலத்தில் 2012-ல் நடந்த முதல் டெட் தேர்வில் நூற்றுக்கு ஒருவர்கூடத் தேறவில்லை. எழுதிய அத்தனை பேருமா பாடம் நடத்தத் தெரியாதவர்கள்?

ஆனால் கோபத்தில் படிக்காமல் இருந்துவிடாதீர்கள். முதல் தாளில் ஐந்து பகுதி, ஒவ்வொன்றுக்கும் 30 மதிப்பெண். குழந்தை வளர்ச்சிப் பகுதியில் கேட்பது நீங்கள் தினமும் கண்ணால் பார்ப்பது, அதற்குப் புத்தகத்தில் உள்ள பெயரை மட்டும் தெரிந்துகொண்டால் போதும். கணக்கும் சூழ்நிலையியலும் நீங்கள் நடத்தும் பாடத்தை ஒட்டியே வரும். உங்கள் ஒன்றியத்தில் இதே நிலையில் இருக்கும் நாலு பேர் சேர்ந்து வாரம் இரண்டு சாயங்காலம் உட்காருங்கள். வீட்டில் தனியாக உட்கார்ந்து படித்தால் பயம்தான் வளரும்.

வில்லியனூர், ஒரு தந்தை: புதுச்சேரி அரசுப் பள்ளிகள் சி.பி.எஸ்.இ.-க்கு மாறிய பிறகு என் மகள் படிப்பில் தடுமாறுகிறாள். ஆசிரியருக்கே ஆங்கிலப் புத்தகம் பிடிபடவில்லை என்கிறாள். ஆசிரியரைக் குறை சொல்வதா, அரசையா?

ஆசிரியரைச் சொல்லாதீர்கள் ஐயா. புதுவையும் காரைக்காலும் அதுவரை தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் இருந்தன, மாஹே கேரளத்தையும் ஏனாம் ஆந்திரத்தையும் பின்பற்றின. 2025 பொதுத்தேர்வை உங்கள் பிள்ளைகள் சி.பி.எஸ்.இ.-யில் எழுதினார்கள். இருபது வருடம் தமிழ்வழியில் அறிவியல் நடத்திய ஒருவர் கையில் ஆங்கிலப் புத்தகத்தைக் கொடுத்து, சில நாள் பயிற்சியோடு வகுப்புக்கு அனுப்பினால் அவர் என்ன செய்வார்? வரிக்கு வரி வாசிப்பார். பிள்ளை குறுக்கே ஒரு கேள்வி கேட்டால் பயப்படுவார்.

ருவாண்டா 2008-ல் பள்ளிகளைப் பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு மாற்ற முடிவெடுத்தது. பிரெஞ்சில் படித்து, பிரெஞ்சில் நடத்திப் பழகியவர்கள் அங்கே பட்ட பாடும் இதேதான். பாடத்திட்டத்தை ஒரு அரசாணையில் மாற்றிவிடலாம், ஆசிரியர் மாறுவதற்கு வருடக்கணக்கில் துணை வேண்டும்.

உங்கள் மகளிடம் ஒன்று சொல்லுங்கள். புரியாததைத் தமிழிலேயே கேட்கட்டும், தமிழிலேயே புரிந்துகொள்ளட்டும், எழுதும்போது ஆங்கிலத்தில் எழுதட்டும். ஆசிரியருக்கும் அது பெரிய ஆறுதல்.

கடலூர் புதுப்பாளையம், வாசகர்: பின்லாந்து மாதிரி இங்கே செய்ய முடியாதா?

பின்லாந்தின் மக்கள்தொகை 55 லட்சத்தைச் சுற்றித்தான். தமிழ்நாடு ஏழு கோடிக்கும் மேல். அப்படியே தூக்கிக்கொண்டு வர முடியாது. தொடக்கப்பள்ளி ஆசிரியரும் முதுகலைப் பட்டம் பெற வேண்டும் என்பது 1970-களிலிருந்து அங்கே நடைமுறை. ஒன்றே ஒன்றைக் கட்டாயம் எடுத்துக்கொள்ளலாம். அங்கே பல்கலைக்கழகங்களோடு சேர்ந்தே பயிற்சிப் பள்ளிகள் உண்டு. இன்றும் அவற்றின் பெயர் நார்மல் பள்ளிதான்.

நம் தாத்தா காலத்தில் ஆசிரியர் பயிற்சியை நார்மல் ஸ்கூல் என்றுதானே சொல்வார்கள்! சென்னையில் 1856-லேயே அரசு நார்மல் பள்ளி இருந்தது. பயிற்சிப் பள்ளியோடு ஒட்டி ஒரு மாதிரிப் பள்ளி வைத்து, காலையில் படித்ததை மதியம் பிள்ளைகள் முன்னால் நடத்திப் பார்க்கும் பழக்கம் நமக்கும் இருந்தது. கைவிட்டது நாம்தான்.

சிதம்பரம், தனியார் பள்ளி ஆசிரியை: மே மாதச் சம்பளம் கிடையாது. கேட்டால் ஜூனில் வர வேண்டாம் என்பார்கள். என்ன செய்வது அக்கா?

இதற்கு நல்ல பதில் என்னிடம் இல்லை என்பது வேதனையாக இருக்கிறது. தனியாகக் கேட்டால் வேலை போகும், எல்லோரும் சேர்ந்து எழுத்தில் கேளுங்கள். நியமன ஆணை, வருகைப் பதிவு, வங்கிக் கணக்கு விவரம் மூன்றின் நகலையும் இப்போதே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

குறைந்த சம்பளத்தில் ஒப்பந்தத்துக்கு ஆள் எடுப்பது நம் ஊர் வழக்கம் மட்டும் இல்லை. செனகல் 1995-ல் "தன்னார்வலர்" என்று பெயர் வைத்துக் குறைந்த ஊதியத்தில் ஆசிரியர்களை எடுத்தது. நம் மாநிலம் 2012-ல் 16,549 பகுதிநேர ஆசிரியர்களை மாதம் 5,000 ரூபாய்க்கு எடுத்தது. 2022-ல் தற்காலிக இடைநிலை ஆசிரியருக்கு முதலில் அறிவித்தது 7,500, பிறகுதான் 12,000. ஆசிரியர் ஊதியம் அதே அளவு படிப்புக் கேட்கும் மற்ற வேலைகளோடு ஒப்பிடத் தக்கதாக இருக்க வேண்டும் என்று 1966 அக்டோபர் 5-ல் யுனெஸ்கோவும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் பரிந்துரைத்தன. அந்த நாளைத்தான் உலக ஆசிரியர் தினமாகக் கொண்டாடுகிறோம். வாழ்த்து அட்டை மட்டும் தவறாமல் வந்துவிடுகிறது.

விருத்தாசலம், தலைமையாசிரியர்: பள்ளி விவரங்களை எமிஸ் இணையதளத்தில் ஏற்றும் பதிவு, வாக்காளர் பட்டியல், கூட்டம். பாடம் எப்போது நடத்த?

கல்வி உரிமைச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு ஆசிரியருக்கு வெளிவேலையாக அனுமதிப்பது மூன்றுதான்: பத்தாண்டுக்கு ஒருமுறை வரும் மக்கள்தொகைக் கணக்கு, பேரிடர் நிவாரணம், தேர்தல். கடலூர்க்காரர்களுக்கு நிவாரணத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். தானே புயலிலும் 2015 வெள்ளத்திலும் பள்ளிக்கூடம்தான் ஊருக்கு வீடாக இருந்தது, அதை யாரும் குறைசொல்ல மாட்டார்கள். மற்றதற்கெல்லாம் எத்தனை பாடவேளை போகிறது என்று ஒரு நோட்டில் தேதியோடு எழுதி வைத்து, மாதக் கடைசியில் பள்ளி மேலாண்மைக் குழுவில் வாசியுங்கள். தீர்மானத்தில் ஏறட்டும்.

லாஸ்பேட்டை, கல்லூரி மாணவி: செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டால் ஆசிரியர் எதற்கு மேடம்?

வினாத்தாள் தயாரிக்க, பாடக்குறிப்பு எழுத உதவும், தாராளமாகப் பயன்படுத்துங்கள். காலையில் சாப்பிடாமல் வந்த பிள்ளையை முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க ஆள் வேண்டும்.

காட்டுமன்னார்கோவில் பக்கம், புதிதாகச் சேர்ந்த ஆசிரியை: இரண்டு ஆசிரியர் பள்ளி. இன்னொருவர் அடிக்கடி கூட்டத்துக்குப் போய்விடுகிறார். ஐந்து வகுப்பும் நான் ஒருத்திதான். மத்தியானம் தண்ணீர் குடிக்கப் போகிற மாதிரி போய் அழுதுவிட்டு வருகிறேன். எனக்கு இந்த வேலை வராதோ?

வரும் மகளே. முதல் வருடம் நானும் அப்படிப் போய் அழுதவள்தான். ஊருக்கு ஊர் நாட்டுக்கு நாடு புதிய ஆசிரியர்கள் விட்டுப் போவது இந்த ஆரம்ப வருடங்களில்தான். புதிதாக வந்த டாக்டரைத் தனியாக அறுவை சிகிச்சை அறைக்குள் அனுப்ப மாட்டார்கள். புதிய டீச்சரை மட்டும் முதல் நாளே ஐந்து வகுப்போடு தனியாக விட்டுவிடுகிறோம்.

நாளைக்கே செய்யக்கூடியது: ஐந்து வகுப்பாகப் பார்க்காதீர்கள், எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளின் கற்றல் நிலையை வைத்துப் பிரிக்கிற அரும்பு, மொட்டு, மலர் மாதிரி மூன்று குழுவாகப் பாருங்கள். ஒரு குழுவோடு நீங்கள், ஒரு குழுவுக்கு எழுத்து வேலை, ஒரு குழுவுக்கு நாலாம் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் ஒரு சட்டாம்பிள்ளை. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாறுங்கள்.

சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் மூத்த மாணவன்தான் சட்டாம்பிள்ளை, நம் திண்ணைப் பள்ளிக்கூடத்துச் சொத்து. ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் சென்னையில் இதைப் பார்த்து, எழும்பூர் அநாதை விடுதியில் நடத்தி, 1797-ல் லண்டனில் எழுதி வெளியிட்டார். "மெட்ராஸ் முறை" என்ற பெயரில் இங்கிலாந்து முழுக்கப் பரவியது. ஆசிரியர் சம்பளம் மிச்சமாகிறது என்பதும் அது பரவ ஒரு காரணம். அதனால் இதைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள், உங்களுக்குப் பதிலாக வைக்க விடாதீர்கள். பணியிடம் கேட்டு மனு போட்டுக்கொண்டே இருங்கள்.

பள்ளியின் பெயரை மட்டும் அனுப்புங்கள். தலைமையாசிரியரிடம் நானே பேசி அனுமதி வாங்கிக்கொள்கிறேன். வியாழக்கிழமை காலை பஸ்ஸில் சிதம்பரம் வந்து, அங்கிருந்து வண்டி மாறி வந்துவிடுவேன். திருத்த வேண்டிய நோட்டுகளை எடுத்து வையுங்கள். பின்வரிசையில் உட்கார்ந்து திருத்திக்கொண்டிருக்கிறேன், நீங்கள் பாட்டுக்கு வகுப்பை நடத்துங்கள்.