மாடி அறை எட்டு மாதம் பூட்டிக் கிடந்தது

கேள்வி: என் தம்பிக்கு மனச்சிதைவு நோய். ஆறு வருஷமாக மாத்திரை போட்டுக்கொண்டு நன்றாக இருக்கிறான், கணக்கு எழுதும் வேலைக்குப் போகிறான். போன மாதம் அவனுடைய மருந்துச் சீட்டு லிஃப்டில் விழுந்து, அடுக்குமாடி முழுக்கத் தெரிந்துவிட்டது. "இதுவும் சர்க்கரை மாதிரி ஒரு வியாதிதானே" என்று எல்லாரும் ஆறுதலாகத்தான் பேசுகிறார்கள். ஆனால் அவன் லிஃப்டில் ஏறினால், ஏற வந்தவர்கள் போனை எடுத்துப் பார்த்துக்கொண்டு வெளியிலேயே நின்றுவிடுகிறார்கள். குடியிருப்போர் கூட்டத்துக்கு ஒரு டாக்டரை அழைத்து விளக்கிச் சொல்ல வைக்கலாமா?

பதில்: மனநலப் பிரிவில் 27 வருஷம் நர்ஸாக இருந்தவள் என்பதால் என்னிடம் கேட்கிறீர்கள். முதலில் என் கதையைக் கேட்டுவிடுங்கள்.

எங்கள் வார்டிலிருந்து தேறிப் போன ஒருவர், சில வருஷம் கழித்து என் வீட்டு வாசலில் வந்து நின்றார். இஸ்திரி போட்ட சட்டை, கையில் வேலைச் சான்று. "சிஸ்டர், மாடி அறை காலின்னு சொன்னாங்க" என்றார். அவருக்கு ஊசி போட்டவள் நான். தூக்கம் வராத ராத்திரிகளில் பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தவள். வாயில் வந்தது என்ன தெரியுமா? "அடடா, சொந்தக்காரங்க வர்றாங்களேப்பா." ஒருத்தரும் வரவில்லை, அறை எட்டு மாதம் பூட்டிக் கிடந்தது. அவருக்கும் புரிந்துவிட்டது. "சரிங்க சிஸ்டர்" என்று சொல்லிவிட்டு, செருப்பு வாரை ரொம்ப நிதானமாக மாட்டிக்கொண்டு போனார்.

எனக்கு அந்த நோயைப் பற்றித் தெரியாதா? மாத்திரை பெயரெல்லாம் மனப்பாடம். அந்த நோய் உள்ளவர்களில் பெரும்பாலோர் யாரையும் அடிப்பதில்லை, அடி வாங்குவதுதான் அதிகம் என்று எத்தனையோ குடும்பங்களுக்கு நானே சொல்லியிருக்கிறேன்.

1925-இல் எமோரி போகார்டஸ் என்ற அமெரிக்க சமூகவியலாளர் ஓர் அளவுகோல் செய்தார். இன்ன இனத்தாரை நாட்டுக்குள் விடுவீர்களா, கூட வேலை பார்ப்பீர்களா, பக்கத்து வீட்டில் வைப்பீர்களா, சம்பந்தம் செய்வீர்களா என்று படிப்படியாகக் கேட்பது. பிற்பாடு மனநோயைப் பற்றியும் இதே மாதிரி கேட்டுப் பார்த்தார்கள். நான் வார்டு வரைக்கும் சுலபமாக ஏறினேன், மாடிப்படியில் நின்றுவிட்டேன். உங்கள் அடுக்குமாடிக்காரர்கள் லிஃப்ட் வாசலில் நிற்கிறார்கள், அவ்வளவுதான்.

அமெரிக்காவில் 1996-லும் 2006-லும் பொதுமக்களிடம் கேட்டு ஒப்பிட்டார்கள். மனச்சிதைவை மூளை சம்பந்தப்பட்ட நோய் என்று ஒப்புக்கொண்டவர்களின் எண்ணிக்கை கூடியிருந்தது. பக்கத்தில் வேண்டாம் என்ற எண்ணம் மட்டும் குறையவே இல்லை. அதனால் டாக்டர் வந்து பேசினால் கைதட்டுவார்கள், மறுநாளும் லிஃப்டுக்கு வெளியில் நிற்பார்கள். அதுவும் போக, அந்தக் கூட்டம் யாருக்காக என்று எல்லாருக்கும் தெரியும். உங்கள் தம்பி எங்கே உட்காருவார்? அவரிடம் கேட்டீர்களா? கடிதத்தில் அவர் சொன்னதாக ஒரு வரிகூட இல்லையே.

பழக்கம்தான் பயத்தைக் குறைக்கும். அதுவும் பரிதாபத்தில் வரும் பழக்கம் உதவாது. ஒரே வேலையைச் சமமாகச் சேர்ந்து செய்தால் மனம் மாறும் என்று அமெரிக்க உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் 1954-லேயே எழுதினார், அவர் பேசியது இன வெறுப்பைப் பற்றி என்றாலும். தம்பி கணக்கு எழுதுகிறவர், உங்கள் சங்கத்துக்கும் வரவு செலவு இருக்கும். அவருக்கு விருப்பம் இருந்தால் பொருளாளரோடு உட்காரட்டும். விருப்பம் இல்லையென்றால் விட்டுவிடுங்கள், நல்லவன் என்று தினமும் நிரூபிப்பது அவர் வேலையில்லை. அப்புறம், லிஃப்டில் காவலுக்குப் போவதுபோல நீங்களும் கூடவே ஏறுகிறீர்களா? ஏறினால் நிறுத்துங்கள். பார்க்கிறவர்களுக்கு அது வேறு சேதி சொல்லும்.

கேள்வி: மனச்சிதைவு என்றால் ஒரே ஆளுக்குள் இரண்டு ஆள் இருப்பதுதானே?

பதில்: இல்லை. குழப்பம் பெயரால் வந்தது. 1908-இல் ஆய்கன் பிளாய்லர் என்ற சுவிஸ் மருத்துவர் இந்த நோய்க்கு வைத்த 'ஸ்கிசோஃப்ரினியா' என்ற பெயருக்கு 'பிளந்த மனம்' என்று பொருள். நினைப்பும் உணர்ச்சியும் ஒன்றோடொன்று ஒட்டாமல் போவதைத்தான் அவர் சொன்னார். ஜப்பானிலும் 'மனம் பிளந்த நோய்' என்றே பெயர் இருந்தது. அந்தப் பெயரை நோயாளியிடம் சொல்ல டாக்டர்களுக்கே வாய் வரவில்லை. 2002-இல் பெயரை மாற்றினார்கள், அதன் பிறகு நோயாளியிடம் அதைச் சொல்லும் டாக்டர்கள் அதிகமானார்கள். நாம் வைத்திருப்பதும் 'சிதைவு'தான். அந்தச் சொல்லை ஒரு தாயிடம் சொல்லும்போதெல்லாம் நான் தரையைப் பார்த்துத்தான் சொல்லியிருக்கிறேன்.