மொட்டை மாடி ஒழுகுகிறது, உள்ளே சீலிங்கில் பூசிவிட்டால் போதுமா?

போதாது. தண்ணீர் மேலிருந்து வருகிறது. கீழே புட்டி வைத்துப் பெயிண்ட் அடித்தால் ஈரம் தளத்துக்குள்ளேயே தங்கி, கம்பி துருப்பிடித்து உப்பி, கடைசியில் காங்கிரீட்டையே பெயர்த்துவிடும். ஃபேன், லைட் பக்கம் ஈரம் வந்திருந்தால் முதலில் அந்த இணைப்புக்கு மின்சாரத்தை நிறுத்துங்கள்.

அப்புறம் மாடிக்குப் போய்ப் பாருங்கள். கறைக்கு நேர் மேலேதான் ஓட்டை இருக்கும் என்று நம்ப வேண்டாம், தட்டோட்டுக்கு அடியில் தண்ணீர் தூரமாக ஓடி வந்து எங்கோ ஒரு விரிசலில் இறங்கும். கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலை, மழைநீர்க் குழாயின் வாய், தண்ணீர்த் தொட்டியின் அடி, இந்த மூன்றையும்தான் நான் முதலில் சந்தேகப்படுவேன். குழாய் வாயில் இலை அடைத்திருந்தால் அதை எடுத்தாலே பாதி வேலை முடிந்துவிடலாம்.

விரிசலைக் கொத்தி அகலமாக்கி, தூசி தட்டி, பாலிமர் சேர்த்த சிமென்ட் கலவையால் அடைத்து, மேலே வாட்டர்ப்ரூஃப் பூச்சு 2 கோட் கொடுக்க வேண்டும். இதை வெயில் காலத்தில், தளம் நன்றாகக் காய்ந்த பிறகு செய்யுங்கள். ஐப்பசி மழை நடுவில் என்றால் இப்போதைக்குத் தார்ப்பாய்தான். கம்பி வெளியே தெரிந்தால் மேஸ்திரியோடு நிறுத்தாமல் பொறியாளரைக் கூப்பிடுங்கள்.