பிலிப் கிளாஸ்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

அமெரிக்க இசையமைப்பாளர் பிலிப் கிளாஸ் குறித்து வந்த கேள்விகளை ஒருசேரப் படித்தேன். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருக்கும் இடங்களில் ஒருமுறை மட்டும் பதில் தருகிறேன். மிருதங்கத்தில் தொடங்கி மேற்கத்திய இசை வரலாற்றுக்கு வந்தவன் என்பதால், தாளம் தொடர்பான கேள்விகளுக்கு என் பதில் நீளும், பொறுத்தருள வேண்டுகிறேன்.

திருச்சியிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: அவரை முதன்முறையாகக் கேட்பவர் எந்தப் படைப்பிலிருந்து தொடங்கலாம்?

1982இல் வெளிவந்த ‘கிளாஸ்வொர்க்ஸ்’ இசைத்தட்டிலிருந்து தொடங்குங்கள். ஆறு சிறு பகுதிகள். முக்கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அதன்பின் ‘சத்யாகிரஹா’ ஓபராவின் மூன்றாம் அங்கத்துக்குச் செல்லுங்கள். இணையத்தில் கிடைக்கும் ‘சிறந்த மெட்டுகள்’ வகைத் தொகுப்புகளை மட்டும் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள். நீண்ட படைப்பிலிருந்து நான்கு நிமிடத்தை வெட்டியெடுத்தால், அந்த நான்கு நிமிடம் எதிலிருந்து மெல்ல மாறி வந்தது என்பது தெரியாமல் போய்விடுகிறது. அந்த மாற்றத்தில்தான் இவருடைய இசையின் உயிரே இருக்கிறது.

கோவையிலிருந்து ஒரு வாசகர்: 41 வயது வரை டாக்ஸி ஓட்டினார் என்கிறார்கள். உண்மையா? முறையாகப் படித்த ஒருவருக்கு ஏன் அந்த நிலை?

உண்மைதான். ஆனால் அதைத் துயரக்கதையாகச் சொல்வது அவருக்கு நியாயம் செய்வதாகாது.

1937 ஜனவரி 31ஆம் நாள் பால்டிமோர் நகரில் பிறந்தார். தந்தை அங்கே இசைத்தட்டுக் கடை வைத்திருந்தார். விற்காமல் தேங்கிய தட்டுகளை வீட்டுக்குக் கொண்டுவந்து, ஏன் விற்கவில்லை என்று அறிவதற்காகவே உட்கார்ந்து கேட்பார். நவீன இசை அப்படித்தான் அந்த வீட்டுக்குள் நுழைந்தது. மகன் 15 வயதில் சிகாகோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்து கணிதமும் தத்துவமும் பயின்றார். பின்பு நியூயார்க்கின் ஜூலியார்ட் இசைப்பள்ளி. 1964இலிருந்து இரண்டாண்டுகள் பாரிசில் புகழ்பெற்ற இசை ஆசிரியை நாதியா பூலாஞ்சேயிடம் பயிற்சி. நன்றாக எழுதத் தெரிந்த இளைஞரை அந்த அம்மையார் மீண்டும் அடிப்படைக்கே அழைத்துச் சென்று, பல இசை வரிகளை ஒருங்கே இழைக்கும் எதிர்ச்சுர (கவுன்ட்டர்பாயிண்ட்) இலக்கணத்தைப் பாலபாடத்திலிருந்து எழுதவைத்தார். பிற்காலத்தில் மிக எளிமையாக ஒலிக்கும் அவருடைய வரிகளுக்குப் பின்னால் இந்தக் கடுமையான சாதகம் இருக்கிறது.

1967இல் நியூயார்க் திரும்பியவர் பல்கலைக்கழக வேலையை நாடவில்லை. மின் ஆர்கன்கள், சாக்ஸஃபோன், புல்லாங்குழல், குரல் ஆகியவற்றை ஒலிபெருக்கி வழியே இசைக்கும் தம் சொந்தக் குழுவை 1968இல் அமைத்தார். ஓவியர்களின் பணிக்கூடங்களிலும் கலைக்கூடங்களிலும் அந்தக் குழு வாசித்தது. இங்கே கவனிக்க வேண்டிய முடிவு ஒன்று உண்டு: தம் இசைக்குறிப்புகளைப் பிறர் வாசிக்க அவர் கொடுக்கவில்லை. அந்த இசை வேண்டுமென்றால் அந்தக் குழுவைத்தான் அழைக்க வேண்டும். அழைத்தால் குழுவினருக்கு ஊதியம் கிடைக்கும். இடைப்பட்ட காலத்தில் குழாய் வேலை செய்தார், வீட்டுச் சாமான்களை இடம்பெயர்க்கும் வேலை செய்தார், டாக்ஸி ஓட்டினார். 1976 நவம்பரில் அவருடைய ‘ஐன்ஸ்டைன் ஆன் தி பீச்’ ஓபரா நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஓபரா அரங்கில் இரண்டு இரவுகள் நிரம்பி வழிந்தது. இருந்தும் தயாரிப்பில் பெருங்கடன் மிஞ்சியதால் மீண்டும் டாக்ஸியில் ஏறினார். நெதர்லாந்து ஓபராவிடமிருந்து அடுத்த படைப்புக்கான அழைப்பு வந்த பிறகே அந்த வேலையை விட்டார்.

எந்த நிறுவனத்தின் தயவிலும் இல்லாதிருந்ததால்தான் நாடகக்காரர்களோடும் நடனக்காரர்களோடும் திரைப்படக்காரர்களோடும் அவரால் தடையின்றிச் சேர்ந்து உழைக்க முடிந்தது. வகைமைகளைக் கலக்க வேண்டும் என்று திட்டமிட்டு அவர் கலக்கவில்லை. யாரோடு வேலை செய்தாரோ அவர்களுடைய கலை அவரை அடுத்த வகைக்குள் அழைத்துச் சென்றது.

மயிலாப்பூரிலிருந்து ஒரு வாசகர்: ஐந்து, நான்கு, மூன்று, இரண்டு என்று குறைத்துக்கொண்டே போவது நம் கோபுச்ச யதி. அதை எடுத்துக்கொண்டு புதுமை என்று பெயர் வாங்கிவிட்டார் என்பதுதானே உண்மை?

இந்தக் கேள்வி பல வடிவங்களில் வந்திருப்பதால் விரிவாகவே சொல்கிறேன்.

பாரிசில் இருந்தபோது ஒரு திரைப்படத்துக்காகப் பண்டிட் ரவிசங்கர் அமைத்த இசையைப் பிரெஞ்சுக் கலைஞர்கள் வாசிப்பதற்கு ஏற்பக் குறிப்பெழுதும் வேலை கிளாஸுக்குக் கிடைத்தது. ரவிசங்கர் பாடிக்காட்டுவார், இவர் எழுதுவார். எழுதியதைக் கலைஞர்கள் வாசித்தபோது அழுத்தம் தவறான இடத்தில் விழுவதாகத் தபலா மேதை அல்லா ரக்கா மறுத்துக்கொண்டே இருந்தார். தாளில் தாளப் பிரிவைக் காட்டும் கோடு ஒன்றை இங்கே நகர்த்தினால் அங்கே பிசகியது. அங்கே நகர்த்தினால் வேறெங்கோ பிசகியது. எல்லாச் சுரங்களும் சமம் என்பதே அவர் திரும்பத் திரும்பச் சொன்னது. கடைசியில் கிளாஸ் தாளிலிருந்த பிரிவுக்கோடுகள் அனைத்தையும் அழித்தார். அழித்ததும், இரண்டும் மூன்றுமாகச் சேர்ந்து ஓடும் ஒரே நீரோட்டம் அவர் கண்ணுக்குத் தெரிந்தது. இதை அவரே பலமுறை நன்றியோடு சொல்லியிருக்கிறார். நியூயார்க் திரும்பிய பின் அல்லா ரக்காவிடம் பாடமும் கேட்டார். மறைத்தவரைத்தான் எடுத்துக்கொண்டவர் என்று சொல்லலாம், இவர் மறைக்கவில்லை.

இனிக் கணக்குக்கு வருவோம். 1968இல் எழுதிய ‘டூ பேஜஸ்’ ஐந்து சுரங்களில் தொடங்குகிறது. ஐந்தோடு நான்கு, பிறகு மூன்று, பிறகு இரண்டு என அடுக்கு வளர்கிறது. தாளில் பார்த்தால் கோபுச்சமேதான். ஆனால் நம் மேடையில் கோபுச்சம் எப்படி இயங்குகிறது? மிருதங்கக்காரர் எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்டே வரும்போது கேட்பவரின் கை ஆதி தாளத்தின் எட்டு அட்சரங்களை (எண்ணிக்கைகளை) மாறாமல் போட்டுக்கொண்டிருக்கிறது. குறையும் கணக்குக்கும் குறையாத தாளத்துக்கும் இடையிலான இழுவைதான் சுவை. தாளம் தொடங்கும் சமத்திலோ பாடல் தொடங்கும் எடுப்பிலோ வந்து சேரும்போது சபை ‘ஆஹா’ என்கிறது. ‘டூ பேஜஸில்’ அந்தக் கையே இல்லை. திரும்பி வரும் தாளச் சுற்றான ஆவர்த்தனம் இல்லை, வந்து நிற்கும் இடமான அருதி இல்லை, சென்று சேரவேண்டிய இடம் என்று எதுவும் இல்லை. சீரான துடிப்பு மட்டும் ஓடுகிறது; கணக்கு மாறும்போது வடிவமே மாறுகிறது. விதை ஒன்றாக இருக்கலாம், விளைந்தது வேறு பயிர்.

அதே வாசகர்: தாளம் இல்லை என்றால், அவர் நம் முறையைப் பாதி மட்டும் புரிந்துகொண்டார் என்றுதானே பொருள்?

தொடக்கத்தில் அவருக்குப் பிடிபட்டது கூட்டல் மட்டுமே என்பதை ஏற்கிறேன். இந்திய இசையில் கூட்டலும் உண்டு, சுழற்சியும் உண்டு. சுழற்சியை அவர் அப்போது எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் அங்கேயே நின்றுவிடவும் இல்லை. 1971 முதல் 1974 வரை எழுதிய ‘மியூசிக் இன் ட்வெல்வ் பார்ட்ஸ்’, அதையடுத்து வந்த ‘ஐன்ஸ்டைன்’ ஆகியவற்றில், வெவ்வேறு நீளமுள்ள இரண்டு அமைப்புகள் ஒரே நேரத்தில் சுழன்று, இரண்டும் மீண்டும் ஒரே புள்ளியில் சந்திக்கும் முறையைக் காணலாம். சமத்தை நோக்கிக் காத்திருந்து பழகிய நம் காதுக்கு அந்தச் சந்திப்பு உடனே பிடிபடும்.

மதுரையிலிருந்து ஒரு மிருதங்க ஆசிரியர்: ஐயா, ‘ஐன்ஸ்டைனில்’ குழுவினர் எண்களைப் பாடுவது கொன்னக்கோல் போலவே ஒலிக்கிறதே?

நல்ல காது உங்களுக்கு. அவர்கள் பாடுவது அட்சரங்களின் எண்ணிக்கையும் ஸ்வரப் பெயர்களும்தான். ஒத்திகையில் பாடகர்கள் கணக்கை மனத்தில் நிறுத்துவதற்காகப் பயன்படுத்தியவை, பிறகு ஓபராவின் சாகித்தியமாகவே நிலைத்துவிட்டன. பாடம் சொல்லும் கருவியே மேடைக்கு வந்த வகையில், தாளச் சொற்களை வாயால் சொல்லும் நம் கொன்னக்கோலோடு ஒப்பிடலாம். ஆனால் சொற்கட்டில் ‘தகிட’வுக்கும் ‘தகதிமி’க்கும் நாவில் வேறுபட்ட எடை உண்டு, எண்களுக்கு அது கிடையாது. அவருடைய குழுவில் அடுத்த கட்டத்துக்கு மாறும் இடத்தைத் தலையசைப்பால் காட்டுவதே வழக்கம். பழைய ஒளிப்பதிவுகளில் விசைப்பலகைக்குப் பின்னாலிருக்கும் அந்தத் தலையைக் கவனித்துப் பாருங்கள். படைப்பு எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பது கண்ணுக்கே புலப்படும்.

மூன்று வாசகர்கள்: எங்கிருந்து தொடங்குவது?

முதல் பதிலைப் பார்க்கவும். தொகுப்புகள் வேண்டாம்.

டர்பனில் வாழும் ஒரு தமிழர்: ‘சத்யாகிரஹா’வில் எங்கள் மக்களுக்கு இடம் உண்டா?

உண்டு, பெயர் சொல்லியும் சொல்லாமலும். 1980 செப்டம்பரில் ராட்டர்டாம் நகரில் அரங்கேறிய இந்த ஓபரா, காந்தியின் தென்னாப்பிரிக்க ஆண்டுகளைப் பற்றியது. பாடப்படும் உரை முழுவதும் பகவத்கீதையின் சமஸ்கிருத சுலோகங்கள். மேடையில் நடப்பது வரலாறு, வாயில் ஒலிப்பது கீதை. காந்தி அங்கே அமைத்த கூட்டுவாழ்வுக் குடியிருப்பான டால்ஸ்டாய் பண்ணை ஒரு காட்சி. ‘இந்தியன் ஒப்பீனியன்’ இதழ் ஒரு காட்சி. 1903இல் தொடங்கிய அந்த இதழில் தமிழ்ப் பகுதியும் அச்சாகியது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். பாத்திரங்களில் திருமதி நாயுடு ஒருவர். மூன்றாம் அங்கம் முழுவதும் 1913ஆம் ஆண்டில் வேலைநிறுத்தம் செய்த இந்தியச் சுரங்கத் தொழிலாளர்களின் நியூகாசில் நடைப்பயணம். அந்தச் சுரங்கத் தொழிலாளர்களிடம் சென்று வேலைநிறுத்தத்துக்கு அழைத்தவர்கள் டால்ஸ்டாய் பண்ணையைச் சேர்ந்த தமிழ்ப் பெண்கள். நடந்தவர்களிலும் தமிழர்கள் மிகப் பலர். சிறையில் நோயுற்று 1914 பிப்ரவரியில் மறைந்த தில்லையாடி வள்ளியம்மை இந்த ஓபராவில் பாத்திரமாக வரவில்லை. எனக்கு அது ஆறாத குறை.

இறுதிப் பாடலைப் பற்றி ஒரு சொல். காந்தி தனியே நின்று, ஏறும் எட்டு சுரங்களை மட்டும் முப்பது முறை பாடுகிறார். உரை கீதையின் நான்காம் அத்தியாயம், ‘யதா யதா ஹி தர்மஸ்ய’ வரும் பகுதி. அந்த ஏறுவரிசையின் ஸ்வரஸ்தானங்கள் நம் ஹனுமத்தோடி (தோடி) ராகத்துடையவை. இதைச் சொன்னதும் ‘கிளாஸ் தோடி பாடவைத்தார்’ என்று எழுதிவிடாதீர்கள். சுரத்தை அசைத்துப் பாடும் கமகம் இல்லாத இடத்தில் தோடி இல்லை. ஸ்வரஸ்தானம் வேறு, ராகம் வேறு. மேற்கத்திய மரபில் இந்த வரிசைக்கு ஃபிரிஜியன் என்று தனிப்பெயரும் நெடிய வரலாறும் உண்டு. குரல் மாறாமல் ஏறிக்கொண்டே இருக்க, கீழே வாத்தியங்களின் இசைவு மாறிக்கொண்டே இருப்பதைக் கேளுங்கள்.

சேலத்திலிருந்து ஒருவர்: திரைப்படங்களுக்கு இசையமைத்ததால் தரம் குறைந்துவிட்டதா?

சிலவற்றில் தளர்வு உண்டு, பொதுவாக இல்லை. 1982இல் வந்த ‘கொயானிஸ்கட்ஸி’யில் உரையாடலே கிடையாது, படத்தொகுப்பும் இசையும் ஒன்றையொன்று பார்த்து வளர்ந்தன. 1985இன் ‘மிஷிமா’ இசையிலிருந்து நான்கு தந்தி வாத்தியங்களுக்கான அவருடைய மூன்றாம் ஸ்ட்ரிங் குவார்ட்டெட் பிறந்தது. ‘குந்துன்’, ‘தி அவர்ஸ்’, ‘நோட்ஸ் ஆன் எ ஸ்கேண்டல்’ ஆகிய மூன்றுக்கும் ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது. இந்தப் படங்களை வைத்து மட்டும் அவரை எடைபோடுவதுதான் தவறு. துண்டுகளாகக் கேட்டால் இசை மெல்ல மாறி வருவது தெரியாமல் போகும் என்று முதல் பதிலிலேயே சொன்னேன்.

பெங்களூரிலிருந்து ஒரு ராக் இசை ரசிகர்: டேவிட் போவியின் பாடல்களைச் சிம்ஃபொனியாக எழுதியது வணிகத்துக்காகவா?

ராக் பாடகர் போவியும் அவரோடு பணியாற்றிய இசைக்கலைஞர் பிரையன் ஈனோவும் 1970களின் தொடக்கத்திலேயே லண்டனில் கிளாஸ் குழுவை நேரில் கேட்டவர்கள். அந்தத் தாக்கம் போவியின் ‘லோ’ இசைத்தட்டில் தெரிகிறது. அந்தத் தட்டிலிருந்தும் அதே காலப் பதிவுகளிலிருந்தும் கருக்களை எடுத்து 1992இல் கிளாஸ் தம் முதல் சிம்ஃபொனியை எழுதினார். போவியின் வேறு இரு தட்டுகளை ஒட்டிய சிம்ஃபொனிகளும் உண்டு: ‘ஹீரோஸ்’ 1996இல், ‘லாட்ஜர்’ 2019இல். இருபுறமும் மரியாதை இருந்த கொடுக்கல் வாங்கல் இது.

நான்கு வாசகர்கள்: ஸ்டீவ் ரைக் பெரியவரா, கிளாஸ் பெரியவரா?

ரைக்கும் அதே தலைமுறை அமெரிக்க இசையமைப்பாளர். இதற்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. இருவரையும் கேளுங்கள்.

மயிலாப்பூர் வாசகர், மீண்டும்: தாளமே இல்லாத இசையை எப்படிக் கணக்கிசை என்பது?

எண்ணிக்கை இருந்தால் கணக்கு உண்டு; எண்ணிக்கை சுழன்று திரும்பினால் தாளம் உண்டு. முதலாவது இரண்டாவது இல்லாமலும் இருக்க முடியும் என்பதற்கு ‘டூ பேஜஸ்’ சான்று. தயவுசெய்து அதை ஒருமுறை முழுவதும், கையில் தாளம் போடாமல் கேட்டுவிட்டு எழுதுங்கள். கேட்காமல் தொடரும் வாதத்துக்கு இங்கே மேலும் இடம் தர இயலாது.

ஈரோட்டிலிருந்து ஒரு தாய்: என் மகள் பியானோவில் எட்டாம் கிரேடு படிக்கிறாள். அவருடைய எட்யூடுகளை (பயிற்சி இசைத் துண்டுகளை) வாசிக்கலாமா?

வாசிக்கலாம், அம்மா. மொத்தம் இருபது, முதல் பத்தைத் தம் சொந்த விரல் பயிற்சிக்காகவும் எழுதிக்கொண்டார். ஆனால் அதற்கு முன் ‘கிளாஸ்வொர்க்ஸ்’ தட்டின் முதல் பகுதியான ‘ஓப்பனிங்’கைக் கொடுங்கள். வலக்கையில் திஸ்ரமாக மூன்று, இடக்கையில் இரண்டு. இரண்டும் ஒன்றையொன்று தள்ளாமல் ஓட வேண்டும். முதலில் மேசையின்மேல் தட்டிப் பழகட்டும், பிறகு மெதுவாக வாத்தியத்தில். பெடலை அழுத்திப் பிடித்து ஒலியைக் குழப்புவதை ஆரம்பத்திலேயே தடுத்துவிடுங்கள். அந்தப் பகுதி இரண்டு வாரத்தில் தெளிவாக வந்துவிட்டால் இரண்டாம் எட்யூடுக்குப் போகலாம்.