ஸ்பேம் பெட்டிக்குள் தொலைந்த ஜெர்மன்காரர்

இந்த வாரம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் மெயில் பற்றியவை. கேத்தல், கேஸ் அடுப்பு கேட்டவர்கள் அடுத்த வாரம் வரை பொறுத்துக்கொள்ளவும்.

கேள்வி: இரண்டு அறைகளைச் சுற்றுலாப் பயணிகளுக்கு விடுகிறேன். சொந்த டொமைனில் (இணையப் பெயரில்) மெயில் முகவரி வாங்கி ஒரு வருடம். ஒரு ஜெர்மன்காரர் மூன்று தரம் எழுதியும் பதில் இல்லையென்று வேறு இடம் போய்விட்டார். கம்பியூட்டரில் இன்பொக்ஸிலும் இல்லை, ஜங்க்கிலும் இல்லை. மெயில் எங்கே போனது? (எல்ல)

பதில்: அவுட்லுக்கை மூடிவிட்டு, பிரவுசரில் வெப்மெயிலைத் திறந்து பாருங்கள். உங்கள் கணக்கு பொப்3 முறையில் போடப்பட்டிருந்தால் இன்பொக்ஸ் மட்டும்தான் கம்பியூட்டருக்கு இறங்கும். சேர்வரில், அதாவது மெயிலை வைத்திருக்கும் ஹோஸ்டிங் கம்பெனியின் கம்பியூட்டரில், உள்ள ஸ்பேம் (குப்பை மெயில்) ஃபோல்டர் நிறைந்து வழிந்தாலும் உங்களுக்குத் தெரியாது. நீங்கள் பார்த்த ஜங்க், அவுட்லுக் தனக்கென்று வைத்திருக்கும் வேறு பெட்டி. ஐமேப் முறைக்கு மாற்றினால் எல்லா ஃபோல்டரும் கண்ணில் படும்.

வெப்மெயிலிலும் இல்லையா? ஹோஸ்டிங் கணக்கின் செட்டிங்குகளை மாற்றும் சீபேனலுக்குள் 'ஸ்பேம் ஃபில்டர்ஸ்' பக்கத்துக்குப் போங்கள். அங்கே 'ஓட்டோ டிலீட்' இயங்கிக்கொண்டிருந்தால் ஜெர்மன்காரரை மறந்துவிடுங்கள். அவருடைய மெயில் எந்தப் பெட்டிக்கும் போயிருக்காது, வந்த கையோடு அழிந்திருக்கும்.

இந்த ஓட்டோ டிலீட் மேல் எனக்குப் பழைய கோபம் உண்டு, சொல்லித் தீர்த்துவிடுகிறேன். சீபேனலோடு வரும் ஃபில்டரின் பெயர் ஸ்பேம்அசாசின். 2001 இலிருந்து இருப்பது, இலவசமானது. வாத்தியார் தாள் திருத்துவது போல ஒவ்வொரு மெயிலுக்கும் புள்ளி போடும். தலைப்பு முழுவதும் ஆங்கிலப் பெரிய எழுத்தா, கொஞ்சம் புள்ளி. சாதாரண எழுத்து இல்லாமல் வெறும் எச்டிஎம்எல் (வெப் பக்க வடிவம்) மட்டும் இருக்கிறதா, இன்னும் கொஞ்சம். அனுப்பிய சேர்வர் கறுப்புப் பட்டியலில் இருக்கிறதா, அதற்கு மேலும். சில நல்ல அடையாளங்களுக்குப் புள்ளி கழிக்கும். கூட்டுத்தொகை 5 ஐத் தொட்டால் ஸ்பேம். இந்த 5 ஐ நாம் மாற்றலாம். ஆட்கள் தலைகீழாக விளங்கிக்கொள்வதும் இங்கேதான்: எண் குறையக் குறைய ஃபில்டர் கடுமையாகும். 2 இல் வைத்தால் சொந்தக்காரர் எழுதுவதும் குப்பைதான்.

அனுபவித்தவன் சொல்கிறேன். 'நூறு வீத ஸ்பேம் பாதுகாப்பு' என்று ஒருவர் சொன்னதை நம்பி வருடத்துக்கு 18,000 ரூபா மேலதிகமாகக் கட்டினேன். மூன்று மாதம் ஒரு குப்பை மெயில்கூட வரவில்லை. பெருமையாக நாலு பேருக்குச் சொல்லியும் திரிந்தேன். பிறகு ஒரு நண்பர் என்னோடு கதைப்பதை நிறுத்திவிட்டார். மகளின் கல்யாணத்துக்கு நான் போகவில்லையாம். அழைப்பிதழை ஒரே பெரிய படமாக, கீழே ஒற்றை வரியோடு, ஊரில் உள்ள அத்தனை பேருக்கும் ஒரேயடியாக அனுப்பியிருக்கிறார். ஃபில்டரின் கண்ணுக்கு அது குப்பை மெயில் போலத்தான் தெரியும். சீபேனலுக்குள் போய்ப் பார்த்தேன்: அதே இலவச ஸ்பேம்அசாசின், எண் 2, ஓட்டோ டிலீட். இரண்டு பொத்தானை அழுத்தியதற்கு 18,000 ரூபா. நண்பர் இன்னும் கதைக்கவில்லை.

ஓட்டோ டிலீட்டை நிறுத்துங்கள், ஸ்பேம் பொக்ஸை இயக்குங்கள். எண் 5 இலேயே இருக்கட்டும், தொல்லை கூடினால் 4. சீசனில் தினமும் ஒருதரம் அந்தப் பெட்டியைத் திறந்து பாருங்கள். தேத்தண்ணி ஆறுவதற்குள் முடிந்துவிடும்.

கேள்வி: ஜிமெயிலிலிருந்து குப்பை வந்ததால் எல்லா ஜிமெயில் முகவரிகளையும் பிளக்லிஸ்டில் (தடுக்கும் பட்டியலில்) போட்டேன். இப்போது ஓர்டரே வருவதில்லை. ஃபில்டர் பழுதா? (நுவரெலியா)

பதில்: நீங்கள் சொன்னதை அப்படியே கேட்டு நடக்கிறது.

கேள்வி: எங்கள் கடை டொமைனை வைட்லிஸ்டில் (எப்போதும் உள்ளே விடும் பட்டியலில்) போட்டிருக்கிறேன். இப்போது என் முகவரியிலிருந்தே எனக்கு மெயில் வருகிறது, வீடியோ எடுத்துவிட்டோம், பிட்கொயின் அனுப்பு என்று. (ஹட்டன்)

பதில்: காசு அனுப்பாதீர்கள். தபால் உறையின் பின்புறம் யார் பெயரையும் யாரும் எழுதலாம் அல்லவா, மெயிலில் 'அனுப்புநர்' வரியும் அப்படித்தான். உங்கள் டொமைனை நீங்களே வைட்லிஸ்டில் போட்டதால், உங்கள் பெயரைப் போட்டு வரும் எதையும் ஃபில்டர் உள்ளே விடுகிறது. எடுத்துவிடுங்கள். கடைப் பிள்ளைகளுக்குள் போகும் மெயிலுக்கு வைட்லிஸ்ட் தேவையே இல்லை. மிரட்டலில் உங்கள் உண்மையான பாஸ்வேர்ட் எழுதியிருந்தால் அதை எல்லா இடத்திலும் மாற்றுங்கள். இப்படியான இணையத் தொல்லைகளைக் கவனிக்கும் இலங்கை சேர்ட்டின் இலக்கம் 101.

கேள்வி: தேயிலைப் பக்கட் விற்கிறேன். நான் அனுப்பும் பில், வாங்குபவர்களின் ஸ்பேமுக்குள் விழுகிறது. வெப்சைட் செய்து தந்தவர், 'உயர்தர ஃபில்டர்' போட 25,000 ரூபா கேட்டார். கொடுத்தேன். மாற்றமில்லை. (பண்டாரவளை)

பதில்: உங்கள் மேல் பிழையில்லை அம்மா, உங்களை நன்றாக ஏமாற்றியிருக்கிறார்கள். உங்கள் ஃபில்டர் உங்களுக்கு வருவதைத்தான் சலிக்கும். நீங்கள் அனுப்புவதைச் சலிப்பது வாங்குபவரின் ஃபில்டர். தங்கத்தில் வாங்கி மாட்டினாலும் உங்கள் பக்கத்து ஃபில்டர் அங்கே ஒன்றும் செய்யாது.

உங்களுக்குத் தேவை எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்ற மூன்று டிஎன்எஸ் (டொமைனின் விபரப் பட்டியல்) பதிவுகள். இந்த மெயில் உண்மையாகவே இந்த டொமைனிலிருந்து வந்தது என்று சாட்சி சொல்பவை அவை. 2024 பெப்ரவரியிலிருந்து ஜிமெயிலும் யாஹூவும் இதில் கண்டிப்பாக இருக்கின்றன. நாளுக்கு 5,000 மெயில் போல மொத்தமாக அனுப்புபவர்களிடம் மூன்றையும் கேட்கிறார்கள். உங்களைப் போன்ற சிறு வியாபாரிக்கும் முதல் இரண்டில் ஒன்றாவது வேண்டும், மூன்றையும் போட்டுவிடுவது நல்லது. சீபேனலில் 'ஈமெயில் டெலிவரபிலிட்டி' பக்கம் எது குறைகிறது என்று காட்டும். எஸ்பிஎஃப் ஒன்றுதான் இருக்க வேண்டும், இரண்டு போட்டால் இரண்டுமே செல்லாது. பதிவுகளுக்குத் தனிக் கட்டணம் இல்லை.

25,000 ரூபாவைத் திருப்பிக் கேட்டு எழுத்தில் அனுப்புங்கள், பற்றுச்சீட்டின் பிரதியோடு. மறுத்தால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 இல் அழையுங்கள். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம் கடைச் சாமானோடு சேவைகளையும் பார்க்கிறது.

கேள்வி: டொமைன், மெயில், பாஸ்வேர்ட் எல்லாம் செய்து தந்த தம்பி வெளிநாடு போய்விட்டார். பில் இல்லை. முழுப் பெயரும் தெரியாது. ஸ்பேம் செட்டிங் மாற்றுவது எப்படி? (தலவாக்கலை)

பதில்: சாவியில்லாத வீட்டுக்குத் திரைச்சீலை கேட்கிறீர்கள். நுவரெலியா பேல் பசார் உடுப்புச் சந்தையில் ஜிப்பை இழுத்துப் பார்க்காமல் ஜக்கெட் வாங்கியவன் நான், ஆனாலும் விற்றவரின் முகமாவது எனக்கு ஞாபகம் இருந்தது. பாங்க் கணக்கில் காசு போட்ட சீட்டு ஏதும் இருக்கிறதா என்று தேடுங்கள். டொமைன் யாரிடம் பதியப்பட்டதோ அவர்களுக்கு அதைக் காட்டி எழுதுங்கள். அது கிடைக்கும்வரை செட்டிங் பற்றி என்னிடம் கேட்காதீர்கள்.

கேள்வி: பத்து மெயிலை ஸ்பேம் என்று குறித்தும் அதே ஆட்கள் வருகிறார்கள். (மஸ்கெலியா)

பதில்: ஸ்பேம்அசாசினின் பழகும் பகுதி 200 ஸ்பேம், 200 நல்ல மெயில் பார்த்த பிறகுதான் வாய் திறக்கும். அதுவும் ஹோஸ்டிங்காரர் அதை இயக்கி வைத்திருந்தால். அதுவரை அந்த முகவரிகளை மட்டும் பிளக்லிஸ்டில் போடுங்கள்.

கேள்வி: ஃபில்டர் வேலை செய்கிறதா என்று சோதிக்க வழியுண்டா? (பதுளை, மாணவி)

பதில்: நல்ல கேள்வி, மகள். ஜிடியூப் என்று ஒரு சோதனை வரி உண்டு, 68 எழுத்து. ஸ்பேம்அசாசினின் தளத்திலேயே கிடைக்கும். வேறொரு முகவரியிலிருந்து அதை மட்டும் எழுதி உங்களுக்கு அனுப்புங்கள். அதற்கு 1,000 புள்ளி. ஸ்பேம் பெட்டியில் விழுந்தால் சரி. இன்பொக்ஸுக்கே வந்து உட்கார்ந்தால், ஃபில்டருக்கென்று வாங்கும் காசுக்கு ஹோஸ்டிங்காரர் கணக்குச் சொல்லட்டும்.