காதல் சிறுகதைத் தொகுப்பு ஏன் பாதியில் சலிக்கிறது, எப்படிப் படிக்கலாம்?

கேள்வி: கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து வாயனசாலையில் (நூலகத்தில்) தமிழ் அலமாரி ஒன்று இருக்கிறது. அதில் காதல் சிறுகதைத் தொகுப்புகள்தான் அதிகம். எடுத்தால் முதல் நாலைந்து கதை தேனாக இனிக்கிறது, அப்புறம் எல்லாம் ஒரே கதை போலத் தோன்றி மூடி வைத்துவிடுகிறேன். நாவல் என்றால் இப்படி ஆவதில்லை. தவறு என்னிடமா, புத்தகத்திலா? நல்ல தொகுப்பை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: பெரும்பாலும் படிக்கும் வேகத்தில்தான் கோளாறு. மீதி, தொகுத்தவரிடம்.

300 பக்கக் காதல் நாவலில் நெஞ்சு படபடக்கும் இடம் மூன்றோ நான்கோதான் இருக்கும். நடுவில் சமையல், சண்டை, அத்தை வீட்டு விசேஷம் என்று மனசு இளைப்பாற இடம் கிடைக்கும். 200 பக்கத்தில் 20 கதை இருந்தால் பத்துப் பக்கத்துக்கு ஒருமுறை யாரோ யாரிடமோ மனதைத் திறக்கிறார்கள். ஒரே உட்காரலில் ஐந்து கதை படித்தால், ஆறாவது கதையில் அவன் வாயைத் திறக்கும் முன்பே என்ன சொல்லப்போகிறான் என்று உங்களுக்குத் தெரிந்துவிடும். கதை மோசம் என்பதல்ல, காது நிறைந்துபோயிற்று. ஒரு நாளைக்கு இரண்டு கதை போதும். மனதைத் தொட்ட கதை வந்துவிட்டால் அன்றைக்கு அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அடுத்த கதையை உடனே திறந்தால் முந்தைய கதையின் வாசம் போய்விடும், புதிய கதைக்கும் நியாயம் கிடைக்காது.

இந்தச் சலிப்பு நம் மொழிக்குப் புதிது இல்லை, அதற்கான மருந்தும் பழையதுதான். சங்க இலக்கியத்தின் அகத்தொகை நூல்கள் எல்லாமே காதல் தொகுப்புகள். அகநானூற்றில் 400 பாட்டு. அதில் சரிபாதி பிரிவைப் பேசும் பாலைத்திணை. 200 பிரிவுப் பாட்டை ஒருசேர அடுக்கியிருந்தால் யாராலும் படித்திருக்க முடியாது. தொகுத்தவர் என்ன செய்தார் பாருங்கள்: ஒற்றைப்படை எண் எல்லாம் பாலை. 2, 8 என முடியும் எண்கள் குறிஞ்சி, 4 முல்லை, 6 மருதம், 10, 20, 30 என வருபவை நெய்தல். ஒரு பிரிவுப் பாட்டைப் படித்தால் அடுத்தது சந்திப்போ காத்திருப்போ ஊடலோ இரங்கலோதான். நூல் முழுக்க ஒரே திணை இரண்டு தடவை அடுத்தடுத்து வராது. தொகுப்பாசிரியர் என்பவர் கதை சேகரிப்பவர் மட்டுமல்ல, வாசகரின் களைப்பையும் முன்கூட்டியே நினைத்துப் பார்ப்பவர் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

ஐங்குறுநூறு வேறு வழியில் போகிறது. சேர மன்னன் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை தொகுப்பித்தது, தொகுத்தவர் கூடலூர் கிழார். ஐந்து புலவர், ஆளுக்கு ஒரு திணை, திணைக்கு 100 பாட்டு. இங்கே ஒரே திணை 100 தடவை தொடர்ந்து வருகிறதே என்றால், அந்த நூறும் பத்துப் பத்தாகப் பிரிந்திருக்கிறது: கிள்ளைப் பத்து, மஞ்ஞைப் பத்து, குரக்குப் பத்து என்று. ஒரு வேளைக்கு ஒரு பத்து. ஒரே எழுத்தாளரின் காதல் கதைத் தொகுப்பைப் படிக்க இதுதான் சரியான அளவுகோல். ஒருவர் எழுத்தில் ஒரே குரல் திரும்பத் திரும்பக் கேட்கும், தவிர்க்க முடியாது. அதனால் நாலு கதை படித்துவிட்டு ஒரு வாரம் விட்டுவிடுங்கள்.

இனி காதல் சிறுகதையின் ருசி எங்கே என்று பார்ப்போம். சிறுகதை காதலின் வாழ்க்கை வரலாற்றைச் சொல்லாது, ஒரு கணத்தை மட்டும் பிடிக்கும். குறுந்தொகையில் கபிலர் பாட்டு ஒன்று, மொத்தம் ஐந்தே வரி. அவன் என்னோடு இருந்த நேரத்தில் சாட்சி யாரும் இல்லை, அவன் மாட்டேன் என்றால் நான் என்ன செய்வேன் என்று தவிக்கிறாள் ஒருத்தி. அப்புறம்தான் நினைவு வருகிறது: தினைத்தாள் போல மெல்லிய பசுங்கால் கொண்ட ஒரு குருகு அங்கே நின்றது. அதுவும் எங்களைப் பார்க்கவில்லை, ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவள் பெயர் தெரியாது, அவன் ஊர் தெரியாது, கல்யாணம் ஆனதா தெரியாது. ஆனால் அந்தக் குருகின் கால் தெரிகிறது. பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கத்து வயலில் கொக்கு நிற்பதைப் பார்த்த யாருக்கும் அந்தப் பெண்ணின் பயம் முழுதாகப் புரிந்துவிடும். நல்ல காதல் சிறுகதையும் இதைத்தான் செய்கிறது. முதல் பக்கத்தில் அவள் கண் மீன் போல இருந்தது, கூந்தல் மேகம் போல இருந்தது என்று தொடங்கும் கதையை நான் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன்.

அந்த ஐந்து வரிக்குள் அவ்வளவு அடங்கியதற்குக் காரணம் திணை. குறிஞ்சி என்றதும் வாசகருக்குக் களவுச் சந்திப்பு என்று தெரியும், அறிமுகத்துக்கு ஒரு வரிகூடச் செலவில்லை. இன்றைய காதல் கதை வாசகர்கள் முறைப்பையன் கதை, கட்டாயக் கல்யாணக் கதை, மறுமணக் கதை, ஆன்ட்டி ஹீரோ (எதிர்மறை நாயகன்) கதை என்று பிரித்துப் பேசுவதும் அதே வேலையைத்தான் செய்கிறது. அந்தப் பெயர்களைக் கேட்டு முகம் சுளிக்க வேண்டாம். சலிப்பு எப்போது வரும் என்றால், 20 கதையில் 12 முறைப்பையன் கதையாக இருந்து, அவற்றை அடுத்தடுத்து வைத்திருக்கும்போது. ஒரே தலைப்பில் நடந்த போட்டிக் கதைகளைத் தொகுத்தால் அநேகமாக இப்படித்தான் ஆகும்.

அடுத்தது பக்க அளவு. டெமி என்னும் வழக்கமான அளவுப் புத்தகத்தில் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 230 முதல் 250 சொல் வரும். வார இதழுக்கு எழுதிய 1,500 சொல் கதை ஆறேழு பக்கம்தான். அதற்குள் இருவர் சந்தித்து, முட்டிக்கொண்டு, தப்பாகப் புரிந்துகொண்டு, இரண்டு வீட்டையும் சம்மதிக்க வைத்து, தாலி கட்ட முடியாது. முயன்றால் கடைசி அரைப் பக்கத்தில் அப்பா திடீரென்று மனம் மாறுவார். உங்களுக்கு ஏமாற்றம் வருவது இந்த இடத்தில்தான். ஆறு பக்கத்தில் நன்றாக வருபவை வேறு: பிரிந்த இருவர் வருஷங்கள் கழித்து முதலமடை ஸ்டேஷன் ஆலமரத்தடியில் எதிர்ப்படுவது, கல்யாணமாகி இருபது வருஷம் ஆன தம்பதியின் ஒரு சாயங்காலம், சொல்லாமலே திரும்பிப்போகும் ஒருவன். இவற்றில் பழங்கதை முன்பே நடந்து முடிந்திருக்கிறது, எழுத்தாளர் அதைக் கட்ட வேண்டியதில்லை, தொட்டுக்காட்டினால் போதும். பகை மெல்லப் பிரியமாக மாறும் கதைக்கு 60, 70 பக்கக் குறுநாவல்தான் வசதி.

இன்னொரு ஏமாற்றம் முடிவைப் பற்றியது. காதல் கதை வேறு, காதலைப் பற்றிய கதை வேறு. முதலாவதில் இருவரும் கடைசியில் சேர்வார்கள் என்பது வாசகருக்குக் கொடுத்த வாக்கு. இரண்டாவதில் அந்த வாக்கு கிடையாது, அவள் வேறொருவனைக் கட்டிக்கொண்டு பொள்ளாச்சி பஸ்ஸில் ஏறுவதோடு முடியலாம். இரண்டுமே எனக்குப் பிடிக்கும். இரண்டையும் ஒரே அட்டைக்குள், சொல்லாமல் கலந்து வைப்பதுதான் தவறு. அட்டையில் ரோஜாப்பூவும் உள்ளே ஏழு சாவும் இருந்தால் வாசகர் கோபப்படத்தான் செய்வார். ஒரு கதையைத் தொடங்கும் முன் அதன் கடைசிப் பத்தியைப் படித்துப் பார்ப்பதில் குற்றமே இல்லை. எப்படிச் சேர்ந்தார்கள் என்பதுதான் கதை, சேர்ந்தார்களா என்பது அல்ல.

அலமாரி முன்னால் நின்று சோதிக்கப் பத்து நிமிஷம் போதும். பொருளடக்கத்தைப் பார்த்து ஒவ்வொரு கதையும் எத்தனை பக்கம் என்று கணக்குப் போடுங்கள். எல்லாக் கதையும் ஒரே ஆறு பக்கம் என்றால் ஒரே இதழுக்கு எழுதியவையாக இருக்க வாய்ப்பு அதிகம். 4, 11, 7, 18 என்று ஏறி இறங்கினால் தாளமும் மாறும். பிறகு, கதைகள் முதலில் எந்த இதழில், எந்த வருஷம் வந்தன என்ற விவரம் இருக்கிறதா என்று தேடுங்கள். இதை லேசாக விடாதீர்கள். 1980-களில் எழுதிய கதையில் இன்லேண்ட் லெட்டர் தாமதமாக வந்ததால் இருவர் பிரிந்துபோவார்கள். வருஷம் போடாவிட்டால் ‘ஒரு போன் பண்ணியிருக்கலாமே’ என்று எரிச்சல்தான் மிஞ்சும், வருஷம் தெரிந்தால் அந்தக் கடிதத்தின் கனம் தெரியும். கடைசியாக, முதல் கதையை விட்டுவிட்டு நடுவில் உள்ள ஒரு கதையில் இரண்டு பக்கம் படியுங்கள். முதலிலும் கடைசியிலும் நல்ல கதையை வைப்பது எல்லாரும் செய்வது. பத்தாவது, பதினோராவது இடத்தில் எதை வைத்திருக்கிறார் என்பதில்தான் தொகுத்தவரின் நேர்மை தெரியும். ஒரு தொடர் நாவலின் கிளைக்கதையைத் தனிக்கதை போலச் சேர்ப்பதும் உண்டு. முதல் பக்கத்திலேயே அறிமுகம் இல்லாமல் ஆறு பெயர் வந்தால் அதுவாக இருக்கலாம், தாண்டிப் போங்கள்.

எல்லைப்பக்க வாசகர்கள் என்பதால் மலையாளத்திலிருந்து மொழிபெயர்த்த காதல் கதைகளும் உங்கள் கைக்கு வரும். இதில்தான் நமக்கு மற்ற ஊர்க்காரர்களைவிடக் கூர்மையான காது. அவள் அவனை ‘ஏட்டா’ என்றோ ‘சேட்டா’ என்றோ கூப்பிடுகிறாள்; மலையாளத்தில் அண்ணனையும் காதலனையும் கூப்பிடும் சொல் அது. அகராதியைப் பார்த்து ‘அண்ணா’ என்று போட்டுவிட்டால் அந்த இடத்திலேயே கதை செத்துப்போகும். மாமா, அத்தான், ஏங்க என்று தமிழில் எது போட்டாலும் ஒரு ஊரும் ஒரு சாதியும் கூடவே வந்து ஒட்டிக்கொள்ளும். அதனால் ‘ஏட்டா’ என்றே விட்டுவிடுவதுதான் சரி என்பது என் கட்சி. ‘ஸ்நேகம்’ மலையாளத்தில் காதலுக்கும் சொல்லும் சொல், தமிழில் ‘சிநேகம்’ நட்போடு நின்றுவிடும். ‘நின்னெ ஞான் ஸ்நேகிக்குந்நு’ என்று அவன் உயிரைக் கொடுத்துச் சொன்னது தமிழில் ‘உன்னோடு சிநேகமாயிருக்கிறேன்’ என்று ஆனால், அடுத்த வரியில் அவள் ஏன் அழுகிறாள் என்றே புரியாது. ‘ஒரு அவசரம் தா’ என்றால் ஒரு வாய்ப்புக் கொடு என்று கெஞ்சுகிறான், அவசரப்படுத்தவில்லை. ‘சம்சாரிச்சு’ என்றால் பேசினார்கள், குடும்பம் நடத்தவில்லை. ‘அவளொரு பாவமாணு’ என்பதில் இரக்கத்தைவிட, அவள் வெகுளி, சாது என்ற பிரியம்தான் அதிகம்.

ஆகவே மொழிபெயர்ப்புத் தொகுப்பை எடுத்தால் அவள் அவனை முதல்முறை கூப்பிடும் வரியைத் தேடிப் படியுங்கள். அந்த ஒரு சொல்லில் மொழிபெயர்ப்பாளரின் காது தெரிந்துவிடும். மலையாளம் எழுத்துக்கூட்டிப் படிக்க வருமென்றால் எதிர் அலமாரியில் மூலம் இருக்கிறதா என்று பாருங்கள். முதலில் மூலத்தில் ஒரு கதை, மறுநாள் அதே கதை தமிழில். இப்படிப் படித்தால் எட்டுக் கதைக்கே இரண்டு வாரத்துக்கு மேல் ஆகும், ஒன்றும் சலிக்காது.

ஏற்கெனவே பாதியில் மூடிய தொகுப்பைத் திரும்ப எடுக்க மனசிருந்தால், விட்ட இடத்திலிருந்து தொடராதீர்கள். ஒரு துண்டுச் சீட்டில் கதைத் தலைப்புகளை எழுதி, படித்த கதைகளுக்கு எதிரே சந்திப்பு, காத்திருப்பு, ஊடல், பிரிவு என்று ஒரே சொல்லில் குறித்துக்கொள்ளுங்கள். மிச்சக் கதைகளின் முதல் பக்கத்தையும் கடைசிப் பத்தியையும் புரட்டி அவற்றுக்கும் குறியுங்கள். பிறகு பிரிவு ஒன்று, வேறு ஒன்று, பிரிவு ஒன்று, வேறு ஒன்று என்று நீங்களே வரிசை போட்டுப் படியுங்கள். சீட்டைப் புத்தகத்துக்குள்ளேயே விட்டுத் திருப்பிக் கொடுத்தால் அடுத்து எடுப்பவருக்கும் உதவும்.