‘ஃபெயின்ட்’: மயக்கம் மட்டும்தானா?

கேள்வி: ‘ஃபெயின்ட்’ (faint) என்றால் மயங்கி விழுதல் என்று பள்ளியில் படித்தேன். ஆங்கில நாளிதழிலோ ஒளி, வாசனை, நம்பிக்கை என எல்லாவற்றுக்கும் முன்னால் அந்தச் சொல் வருகிறதே, எப்படி? – வாசகி, கும்பகோணம்.

பதில்: நீங்கள் பள்ளியில் படித்தது வினைச்சொல், நாளிதழில் கண்டது, அந்த வினைக்கே தாயான பெயரடை. பாசாங்கு செய்தலைக் குறிக்கும் பழைய பிரெஞ்சு வினையிலிருந்து பிறந்த இச்சொல், போலி என்ற பொருளோடு ஆங்கிலத்துக்குள் வந்து, சோம்பல், கோழைத்தனம் என்று நகர்ந்து, கடைசியில் வலுவின்மையில் நிலைகொண்டது. வாள்வீச்சில் எதிரிக்குப் போக்குக் காட்டுவதைக் குறிக்க, எழுத்தில் சற்றே மாறி, ஒலியில் மாறாத இன்னொரு சொல் (feint) இருக்கிறது. பழைய பாசாங்கு அதில் இன்னும் அப்படியே இருக்கிறது.

தமிழில் இதற்கு ஒரே சொல்லைத் தேடக் கூடாது. ஒளி என்றால் மங்கல், வாசனை என்றால் மெல்லியது, குரல் என்றால் ஈனசுரம், நம்பிக்கை என்றால் நூலிழை. மனம் ஒப்பாமல், உப்புச் சப்பில்லாமல் பாராட்டியே ஒருவரைக் கவிழ்ப்பதற்கு ஆங்கிலத்தில் வழங்கும் தொடரிலும் (damn with faint praise) இச்சொல்தான் இருக்கிறது. ஆங்கிலக் கவிஞர் அலெக்சாண்டர் போப் 1735இல் வெளியிட்ட கவிதையிலிருந்து பரவிய தொடர் அது.

உடல்நலத்தைப் பற்றிப் பேசும்போதுதான் மிகுந்த கவனம் வேண்டும். மூளைக்குச் செல்லும் இரத்தம் சிறிது நேரம் குறைவதால் நினைவு தப்பிப் பின் தானே தெளிவதையே ஆங்கில வினை குறிக்கிறது. நாமோ தலைசுற்றலையும், கண் இருட்டுவதையும், நினைவு தப்புவதையும் மயக்கம் என்றே சொல்லிவிடுகிறோம். ரேஷன் கடை வரிசையில் வெயிலில் நின்ற என் தாயார், “மயக்கமா வருது” என்று சொல்லிப் படியில் உட்கார்ந்தார். கீழே விழவில்லை, பேச்சும் நிற்கவில்லை. மருத்துவமனையில் படிவத்தை நிரப்பிய நான் அந்த வினையை இறந்த காலத்தில் (fainted), மயங்கி விழுந்தார் என்று பொருள்படும்படி எழுதிவிட்டேன். எத்தனை நிமிடம் நினைவின்றிக் கிடந்தார், விழுந்தபோது தலையில் அடிபட்டதா என்று மருத்துவர் கேட்கத் தொடங்கிய பிறகே என் பிழை எனக்குப் புரிந்தது. மயக்கம் வருவதுபோல் உணர்ந்தார் என்று, பெயரடையைக் கொண்டு (felt faint) நான் எழுதியிருக்க வேண்டும்.